கூரைக்கு இருபத்தேழு பொட்டு

தாமிரபரணிக் கரையில் எங்கள் மடம் இருக்கிறது. வழிப்போக்கர்களுக்கு மதியம் கஞ்சி ஊற்றுவதுதான் அங்கே முதல் வேலை. தியானம், படிப்பு எல்லாம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான். மொத்தம் பன்னிரண்டு பேர். குருவின் பெயர் குழல்வாய்மொழி. நாங்கள் அம்மா என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது.

சீடர்களில் மூத்தவர் புன்னைவனம். அவருக்கு அறுபத்துமூன்று. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குருவைவிடப் பதின்மூன்று வயது பெரியவர் என்பதால் அம்மா அவரை ஐயா என்பார். அவர் குருவை அம்மா என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குப் பழகிவிட்டது.

போன வருடம் மழைக்கு முன்னால் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று நாலு நாள் சத்தம் போட்டோம். ஆளுக்கு ஒரு யோசனை, ஆளுக்கு ஒரு கோபம். குரல் பெருத்தவன் பேச்சு எடுபட்டது. எடுபட்ட பேச்சுக்கு மற்றவர்கள் வேலை செய்ய வரவில்லை. அதற்குள் மழை இறங்கிவிட்டது. படித்துறையில் இரண்டு கல் பெயர்ந்து, அதில் அம்மா வழுக்கி விழுந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டார். இன்றுவரை நேராக நடக்க முடியவில்லை.

அந்த முட்டியைப் பார்க்கும்போதெல்லாம் புன்னைவனத்துக்கு மனசு கேட்காது. இந்த வருடம் ஐப்பசி நெருங்கியதுமே அவர் அம்மாவிடம் போனார். காலையில் வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுகிற நேரம் அது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி காது உடைந்து டவுனுக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அதனால் கடிதங்கள் புன்னைவனம் பொறுப்பில் இருந்தன. யாரோ பிள்ளை வரம் கேட்டு எழுதியதைக்கூட அவர் கம்பெனி அறிக்கை மாதிரி வாசிப்பார்.

கடைசிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கம்பெனியில் செய்த ஒரு முறையைச் சொன்னார். ஆளுக்கு ஒரு தாளில் தன் யோசனையை எழுத வேண்டும். தாள்களைச் சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும். ஆளுக்கு மூன்று பொட்டு. எந்த யோசனை முதலில் நடக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அந்தத் தாளில் ஒட்டலாம். மூன்றையும் ஒன்றிலேயே ஒட்டலாம், பிரித்தும் ஒட்டலாம். அதிகப் பொட்டு வாங்கியது முதல் வேலை. அடுத்தது இரண்டாவது. பேச்சே கிடையாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அம்மா செய்யுங்கள் என்றார்.

கம்பெனியில் அதற்கென்று வட்டமான ஒட்டுத்தாள் உண்டாம். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? அவர் நேராக பேன்ஸி ஸ்டோருக்குப் போய், நடுத்தர அளவில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு கேட்டார். கடைப்பெண் வீட்டம்மாவுக்கா என்று கேட்டிருக்கிறாள். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது என்றும், மடத்தில் பன்னிரண்டு பேருக்கு வேண்டும் என்றும் இவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இன்னும் எங்களை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

கூடத்தில் வாசல் பக்கச் சுவரில் தொடங்கி ஒரு கயிறு கட்டினார். கையகலத் தாள்களாக வெட்டி வைத்தார். எப்படி எழுதுவது என்று சிலருக்குப் புரியவில்லை. அதனால் மாதிரிக்கு அவரே ஒரு தாளில் ‘அடுக்களைக் கூரை’ என்று எழுதி, கயிற்றின் முதல் இடத்தில் கிளிப் போட்டு மாட்டிக் காட்டினார். இவ்வளவுதான், இரண்டு வார்த்தை போதும், கதை எழுதக் கூடாது என்றார்.

மாதிரிக்கு மாட்டிய அந்தத் தாளை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்களும் எழுதினார்கள். படித்துறை. மாட்டுத்தொழுவம். புத்தக அலமாரியைக் கரையானிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது என் ஆசை, அதை நான் எழுதினேன். ஒருவர் கூடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று எழுதினார். மழைக்கு முன்னால் எதற்கு வெள்ளையடிப்பது என்று கேட்க வாயெடுத்தேன். பேச்சு கிடையாது என்பது ஞாபகம் வந்து சும்மா இருந்துவிட்டேன்.

பாத்திரம் கழுவுகிற இசக்கியம்மாள் ஈரக் கையோடு என்னிடம் வந்தாள். எழுதத் தெரியாது, நீங்கள் எழுதுங்கள் என்றாள். கொல்லைப்புறத்தில் சாம்பல் கொட்டப் போகும்போது பார்க்கிறாளாம். மடத்தின் பின்சுவர் வயிறு தள்ளி நிற்கிறதாம். வெளிப்பக்கம் சந்தில் அந்தச் சுவரோடு சுவராகச் சாய்ப்பு இறக்கிப் பேச்சித்தாய் குடியிருக்கிறாள். ஆபரேஷனில் பிள்ளை பெற்று வந்து நாலு நாள்தான் ஆகிறது. புருஷன் லாரியில் வடக்கே போயிருக்கிறான். அவள் கட்டில் கிடப்பது அந்தச் சுவருக்கு அடியில். மழை அடித்தால் சுவர் அந்தப் பக்கம்தான் சாயும்.

எல்லாவற்றையும் நான் கேட்டேன். கேட்டுவிட்டு, கையகலத் தாளில் ‘பின்சுவர்’ என்று எழுதினேன்.

அதை இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. அன்று ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வார்த்தை போதும் என்றார்கள், நான் ஒன்றிலேயே முடித்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. கயிற்றில் ஐந்தாவதாக அதை மாட்டினேன். கடைசியில் வெள்ளையடிப்பு.

அம்மா கைத்தடி ஊன்றி வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். புன்னைவனம் அவர் கையில் மூன்று பொட்டை வைத்தார்.

“உங்களுக்கும் மூணுதாம்மா. இதுல எல்லாரும் சமம்.”

“சரி.”

“நீங்க முதல்ல ஒட்டணும்.”

“நான் கடைசியில ஒட்டுதேனே.”

“அது எப்படிம்மா? விளக்கு ஏத்துறதுல இருந்து எல்லாத்துக்கும் முதல் மரியாதை உங்களுக்குத்தான். இதுல மட்டும் உங்களைக் கடைசியில நிறுத்துனா நல்லாவா இருக்கும்?”

அம்மா அவரைச் சிறிது நேரம் பார்த்தார். நாங்கள் பத்துப் பேரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இசக்கியம்மாள் மட்டும் அண்டா கழுவப் போயிருந்தாள். அம்மா கைத்தடியில் பாரம் கொடுத்து எழுந்தார். முட்டி மடங்கவில்லை, முகம் சுருங்கியது. எழுந்த இடத்திலேயே கையை நீட்டி, பக்கத்தில் தொங்கிய தாளில் மூன்று பொட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுக்களைக் கூரை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். கரையானாவது அலமாரியாவது, என்னுடைய மூன்றில் இரண்டு கூரைக்குப் போனது. எனக்கு முன்னால் போனவர் மூன்றையும் அங்கேயே ஒட்டினார். சமையல்காரர் சுடலைமுத்து தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். என் அடுக்களையில் ஒரு மூலையில்தானே சொட்டுகிறது, நாலு ஓடு மாற்றினால் போதுமே என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அவரும் மூன்றையும் அங்கேதான் ஒட்டினார். கடைசியாக இசக்கியம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து ஒட்டிவிட்டு, அவசரமாக அண்டாவுக்குத் திரும்பிவிட்டாள்.

புன்னைவனம் எண்ணினார். கூரைக்கு இருபத்தேழு. படித்துறைக்கு நாலு. தொழுவத்துக்கு இரண்டு. அலமாரிக்கு இரண்டு. பின்சுவருக்கு ஒன்று. வெள்ளையடிப்புக்கு எழுதினவரே ஒட்டவில்லை.

“இப்படி ஒரே மனசா ஒரு கூட்டத்தை நான் கம்பெனியிலகூடப் பாத்ததில்லம்மா,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

மற்றதெல்லாம் என்ன என்று அம்மா கேட்டார். அதெல்லாம் கம்மிப் பொட்டு, ஒவ்வொன்றாக வரிசையில் வரும், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று அவர் சொன்னார். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

இருபத்தேழு பொட்டு வாங்கிய கூரைக்கு நாலு ஓடு மாற்றினால் மரியாதையாக இருக்குமா? முழுக் கூரையையும் பிரித்து, கைமரம் மாற்றி, புது ஓடு வேய்வது என்று முடிவானது. மறுநாள் காலையில் ஏறினோம். மூன்று நாளில் பழைய ஓடெல்லாம் இறங்கிவிட்டது. அடுக்களைக்கு மேலே வானம் தெரிந்தது. அரிசி மூட்டைகளைக் கீழே ஒரு ஓரமாக அடுக்கி வைத்திருந்தோம்.

நாலாம் நாள் மதியம் வானம் கறுத்தது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மழை. முதலில் காற்று வந்தது. கூரைமேல் ஒன்பது பேர் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு முனையைக் கட்டினால் மறு முனை பிய்த்துக்கொண்டது. சுடலைமுத்து கீழே நின்று மூட்டை மூட்டை என்று கத்திக்கொண்டிருந்தார். பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது.

அப்போது இசக்கியம்மாள் கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்தாள்.

“பின்சுவரு வெடிச்சுட்டு. அந்தப் பக்கம் பேச்சித்தாய் பிள்ளையோட கெடக்கா. அவளால எந்திரிக்க முடியாது. நாலு பேரு வாங்க, தூக்கணும்.”

எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது.

புன்னைவனம் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். எடுத்துவிட்டுச் சொன்னார்: “வாரோம் இசக்கி. இதைக் கட்டிட்டு வாரோம். பத்து நிமிசம்.”

“பத்து நிமிசம் தாங்காதுய்யா.”

“கையில எடுத்த வேலையை விட்டுட்டு வர முடியுமா? எல்லாரும் சேந்து முடிவு பண்ணின வேலை இது. அரிசி நனைஞ்சா நாளைக்கு நூறு பேருக்குக் கஞ்சி கிடையாது. சுவரு வரிசையில அஞ்சாவதா இருக்கு. வாரோம், போ.”

நாங்கள் யாரும் இறங்கவில்லை. தார்ப்பாயைத்தான் இழுத்தோம். என் கை இழுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இசக்கியம்மாள் போகவில்லை. மழையில் அண்ணாந்து நின்றாள்.

“அம்மா அங்க இருக்காக,” என்றாள்.

“எங்க?”

“பேச்சித்தாய் கட்டில்ல. நான் போயி சொன்னேன். தடியை ஊனிக்கிட்டுச் சந்து வழியா வந்துட்டாக. தூக்கவும் முடியல, விட்டுட்டு வரவும் மாட்டேங்காக.”

ஒன்பது பேரும் எப்படி இறங்கினோம் என்று தெரியாது. ஏணி ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேர் குதித்தார்கள். தார்ப்பாய் காற்றில் எழும்பித் தென்னைமரத்துக்குப் போனது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தில் கணுக்கால் தண்ணீர். சாய்ப்பின் வாசல் இடுப்பளவுதான் இருந்தது. குனிந்து நுழைந்தோம். உள்ளே சுவரும் கட்டிலும் ஒட்டிக் கிடந்தன. சுவரில் விரல் நுழைகிற விரிசல் மேலிருந்து கீழே ஓடியிருந்தது. அதன் வழியே செம்மண் தண்ணீர் வடிந்தது. கட்டிலின் தலைமாட்டில், சுவருக்கு முதுகைக் கொடுத்து அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை. மேலிருந்து மண் கட்டிகள் உதிர உதிர, பிள்ளை மேல் விழாமல் குனிந்துகொண்டிருந்தார். தலையெல்லாம் மண். பேச்சித்தாய் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“எந்திரிங்கம்மா,” என்றார் புன்னைவனம்.

“முதல்ல பிள்ளை.”

பிள்ளையை இசக்கியம்மாள் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

“அம்மா, நீங்க எந்திரிங்க.”

“இவ வயித்துல தையல் இருக்கு. போர்வையோட தூக்குங்க. குலுக்காதீங்க.”

சுவருக்குள் ஏதோ நெரிவது கேட்டது. சட்டி உடைவதற்கு முன்னால் அடுப்பில் கேட்குமே, அந்த மாதிரிச் சத்தம். போர்வையின் நாலு முனையை நாலு பேர் பிடித்தோம். வாசலில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். ஒருவர் மாற்றி ஒருவர் மண்டி போட்டு நகர்த்தினோம். பேச்சித்தாய் வலியில் என் கையை நகத்தால் கிழித்தாள். வெளியே கொண்டு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். புன்னைவனம் உள்ளேயே இருந்தார். அம்மாவின் முட்டி மடங்கிப் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. அறுபத்துமூன்று வயது மனுஷன் அம்மாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தரதரவென்று பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். சந்து திரும்பும் இடத்துக்கு வருவதற்குள் சுவர் விழுந்தது.

கட்டில் இருந்த இடத்தில் இடுப்புயரம் செம்மண் குவிந்து கிடந்தது.

பிறகு பிள்ளை அழ ஆரம்பித்தது.

மழை மாலைவரை விடவில்லை. அரிசி முழுக்க நனைந்தது. பேச்சித்தாயையும் பிள்ளையையும் அம்மாவின் அறையில் படுக்க வைத்தோம். நாங்கள் ஈரத்துணியோடு கூடத்தில் கூடினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவேளை இசக்கியம்மாள் அம்மா பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஒவ்வொருவர் மனசிலும் ஓடியது.

அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் இன்னும் மண் இருந்தது. ஆறு தாளும் கயிற்றிலேயே தொங்கின. சாரல் அடித்துச் சில பொட்டுகள் தரையில் உதிர்ந்திருந்தன.

புன்னைவனம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

“என் முறையில என்ன தப்பும்மா?”

“தாளையெல்லாம் வாசிங்க, ஐயா.”

அவர் எழுந்து முதல் தாளுக்குப் போனார்.

“அடுக்களைக் கூரை.”

“யாரு எழுதுனது?”

“நான்தான். மாதிரிக்கு எழுதினேன்.” அது யாருடைய யோசனையும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

படித்துறை. தொழுவம். அலமாரி. ஒவ்வொன்றையும் வாசித்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

“பின்சுவர்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதாம்மா இருக்கு.”

“யாரு எழுதுனது?”

நான் என்றேன். இசக்கி அவ்வளவுதான் சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். வயிறு தள்ளிய சுவர், பேச்சித்தாய், கைப்பிள்ளை, சுவருக்கு அடியில் கட்டில், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தாளு சிறுசும்மா,” என்றாள் இசக்கியம்மாள், எனக்காக.

அம்மா அவள் பக்கம் திரும்பினார். “உன் மூணு பொட்டும் எங்க ஒட்டுன?”

“ரெண்டு கூரையில. ஒண்ணு சுவத்துல.”

“ஏன்?”

“மூணையும் சுவத்துல ஒட்டணும்னுதாம்மா வந்தேன். அந்தச் செவப்பெல்லாம் நீங்க ஒட்டுன தாள்ல கெடக்கதப் பாத்தேன். கை வரலை.”

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. உள்ளறையில் பேச்சித்தாய் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. புன்னைவனம் தாள்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. வெட்கம் மட்டும் இல்லை, கோபமும் இருந்தது. குருவிடம் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அம்மா, கேக்குதேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எல்லாரும் உங்களைப் பாத்து ஒட்டினோம். அது எங்க தப்பு. ஒத்துக்கிடுதேன். நீங்க எதைப் பாத்து ஒட்டினீங்க?”

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டார்.

“எதையும் பாக்கலை,” என்றார் அம்மா. “நாற்காலிக்குப் பக்கத்துல இருந்த தாளு. முட்டி வலி. கை எட்டுன இடத்துல ஒட்டினேன்.”

“அதுல கூரைன்னு எழுதியிருந்தது...”

“நீங்க எண்ணிச் சொன்னப்பதான் எனக்குத் தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கணும். எல்லாரும் அவ்வளவு மரியாதையா நின்னுக்கிட்டு இருந்தீங்க. அந்த நேரத்துல தெரியலைன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துது. அந்தக் கூச்சத்தால இன்னைக்கு ஒரு பிள்ளை போயிருக்கும்.”

அம்மா குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பொட்டைத் தடவித் தேடி எடுத்தார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட அதைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஐயா, இந்தப் பத்து நாளா எனக்குக் கடிதாசி வாசிச்சுக் காட்டுறது யாரு?”

புன்னைவனம் அப்போதுதான் கண்ணாடி இல்லாத அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.